இரண்டு சுற்று, கையால்

எதேரி சாவியைத் தந்தபோது
சொன்னது ஒன்றுதான்:
அடியில் ரோஸ் நிறத்தில் ஏதோ சொட்டுகிறது.

வாட்டர் பம்ப்.
அதை எட்ட முதலில் டைமிங் பெல்ட் கழல வேண்டும்.
கழற்றிய பழசையே திரும்ப மாட்டுகிறவர்கள்
குத்தாய்சியில் உண்டு.
நான் அந்த ரகமில்லை.

வலது முன் சக்கரம் எடுத்து,
எஞ்சினுக்கு அடியில் கட்டை கொடுத்து,
மவுண்ட்டின் மூன்று போல்ட்.
மூன்றாவதற்கு மட்டும்
ஒரு கெட்ட வார்த்தை தேவைப்பட்டது.

மூடியைத் திருப்பினேன்.
உட்புறம், வெள்ளை மையில்,
யாரோ ஒரு ஜெர்மன்காரனின் சாய்ந்த கை:
2,12,000.

வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன்.
மீட்டர் சொன்னது 1,33,000.
மீட்டரைச் சுற்றிய பிளாஸ்டிக்கில், இடது மூலையில்
நகம் அளவு விரிசல், பசை வைத்து ஒட்டியது.
அந்தப் பசை எனக்குத் தெரியும்.
அந்த அவசரமும்.

நான்கு குளிர்காலம் முன்னால்
ஓத்தியா வாரத்துக்கு ஆறு வண்டி கொண்டுவருவான்,
கப்பலில் இறங்கியவை,
ருஸ்தாவி சந்தைக்குப் போகிறவை.
ஒரு லேப்டாப், ஒரு கேபிள்,
ஒரு சிகரெட் எரிந்து முடிகிற நேரம்.
வண்டி இளமையாகி வெளியே போகும்.
பழைய நோட்டைத் தேடி எடுத்தேன்.
சாம்பல் ஸஃபிரா. 2,41. பக்கத்தில் 98.
நடுவில் ஓர் அம்புக்குறி,
பேருந்து வழித்தடம் மாதிரி.

பெல்ட்டின் முதுகு
குளிரில் வெடித்த உதடு.
வளைத்துப் பார்த்தேன்,
ஒரு பல் பாதி பிய்ந்து தொங்கியது.
ரிக்கோத்தி கணவாயில் அறுந்திருந்தால்
வால்வு கீழே நிற்கும், பிஸ்டன் மேலே வரும்,
அவ்வளவுதான்.
பின்னால் நிலக்கரி லாரி,
ஸ்டியரிங்கில் இரவு ட்யூட்டி முடித்த ஒரு நர்ஸ்.

புதுசை மாட்டினேன்.
கேம் சக்கரம் இரண்டின் கோடுகளும்
ஒன்றையொன்று பார்க்க வேண்டும்.
கிராங்கின் கோடு அடியில், காடிக்கு நேராக.
ஒரு பல் தள்ளினால் எஞ்சின் இருமும்.
மூன்று தள்ளினால் பேச்சே இருக்காது.
ஒரு லட்சத்து நாற்பத்து மூவாயிரத்தைத் தள்ளிய கை
பல்லைப் பல்லாக எண்ணிக்கொண்டிருந்தது.

டென்ஷனரை விட்டுவிட்டு
கிராங்கில் நீளக் கைப்பிடி போட்டேன்.
கையால் இரண்டு சுற்று,
கடிகாரம் போகிற பக்கமாக.
பின்னால் மட்டும் சுற்றக் கூடாது,
பெல்ட் தளர்ந்து பல் தாவிவிடும்.
இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடச் சுற்றியதில்லை,
எஞ்சினை.

கோடுகள் திரும்ப வந்து சேர்ந்தன.
மூடியை மாட்டும் முன்
ஜெர்மன்காரனின் எண்ணுக்குக் கீழே
கூட்டிக் கழித்து எழுதினேன்: 2,76,000.
இனி இதைத் திறக்கிற
இன்னொரு மெக்கானிக்குக்கு மட்டும்.

எதேரி வந்து சாவியைத் திருப்பினாள்.
முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.
"அடுத்தது எப்போ?"
"அறுபதாயிரம் ஓடினதும்."
"எதுலேருந்து?"

என் கையில் வெறும் கார்டு.
என் நாக்கு ஒரு பல் தாவியது.

"பிரேக் பெடல் ரப்பர்
வாங்கின அன்னிக்கே தேஞ்சு இரும்பு தெரிஞ்சுது" என்றாள்.
"ஆஸ்பத்திரியில எல்லாரும்
வயசைக் குறைச்சுத்தான் சொல்வாங்க.
முழங்கால் சொல்லாது."
பிறகு, தாடையால் எஞ்சினைக் காட்டி:
"மூடிக்குள்ள எழுதினியே,
அந்தக் கணக்குலயே போடு."

எவ்வளவு நேரம் பின்னால் நின்றாளோ.

எழுதினேன். மை நடுவில் நின்றது.
உதறி, ஊதி, மறுபடி எழுதினேன்: 3,36,000.
முழுக் கூலியும் எண்ணி வைத்தாள்.
யார் குறைத்தது என்று கேட்கவில்லை.
ஆனால் கதவைச் சாத்தும் முன்
மீட்டரின் இடது மூலையை, அந்த விரிசலை,
பஞ்சால் காயம் துடைக்கிற மாதிரி
ஒரு விரலால் தொட்டாள்.

ரியோனிப் பாலம் தாண்டும் வரை
காது கொடுத்து நின்றேன்.
இருமல் இல்லை.